கண்காட்சிக்குப் போலாங்களா மாமா?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் மச்சினன் மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. மூலனூர்ப் பக்கம் மூணு ஏக்கர் வாங்கிப் போட்டு ஒரு வருசம் ஆகுது. என்ன வைக்கலாம், எப்போ வைக்கலாம் என்று வாரத்துக்கு ரெண்டு தரமாவது கேட்பான்.

"மாமா, வர்ற சனி ஞாயிறு விவசாயக் கண்காட்சி ஒண்ணு இருக்குதுங்க. கூடவே கருத்தரங்கும் வெச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் பேர் பதிஞ்சுட்டேன். போலாங்களா?"

"போலாம் மாப்ள" என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். பையன் மேல் கோபம் ஒன்றுமில்லை. எங்கள் கிழக்குக் காட்டில் மூணு ஏக்கர், எப்போதோ நான் போய் உட்கார்ந்த ஒரு கருத்தரங்கின் கடனை இன்னும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போய்விட்டு வரலாம். இந்தக் கண்காட்சி சமாச்சாரம் நேற்று முளைத்ததில்லை.

எங்கய்யன் காலத்தில் எங்கள் பக்கம் கண்காட்சி என்றால் கன்னபுரம் தேர்தான். வெள்ளகோவில் பக்கம், சித்திரை மாசம், மாரியம்மன் தேரோடு சேர்ந்து கூடும் மாட்டுச் சந்தை. காங்கயம் மாடு நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். நகரத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசம் போல ஆனால் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்துவிடும். இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயசில் எங்கய்யன் துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தையில் நடந்தபோது தெரிந்துகொண்டது.

அங்கே பேரம் வாயால் நடக்காது. தரகர் கைமேல் துண்டைப் போடுவார். துண்டுக்குள் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை மட்டும்தான் துண்டுக்குள். மீதி எல்லாம் வெட்டவெளி. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்க விட்டுக் கால் போடுவதைப் பார்ப்பார்கள். "எந்த ஊருங்க? எந்தக் காட்டுல மேஞ்சது? தாய் மாடு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால் மறுநாள் அந்த ஊருக்கே போய்த் தாய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டுக் காளை என்றால் கும்பல் கூடும். காங்கயம் இனத்தைத் தலைமுறையாகக் கட்டிக் காத்த குடும்பம் அது. வாங்க வக்கில்லாதவனும் நின்று பார்த்துவிட்டு, நல்ல காளை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புவான்.

இந்த மாதிரி சந்தை எங்கள் பக்கம் மட்டுமில்லை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் குதிரையும் மாடும் கூடும். மதுரையில் நீங்கள் பஸ் ஏறும் மாட்டுத்தாவணியும் பேரிலேயே சந்தையை வைத்திருக்கிறது. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டை விற்கும் கடைக்கு நடுவில் எந்த ஊரில் மழை, எந்தச் சோளம் நின்றது, எவன் கிணறு வற்றியது எல்லாம் பேசித் தீர்ப்பார்கள். அதற்குக் கருத்தரங்கு என்று யாரும் பேர் வைக்கவில்லை.

மேடை போட்டு, மேலிருந்து கீழே சொல்லும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 1860-களில் சென்னைக்குக் கவர்னராக இருந்தவர் வில்லியம் டெனிசன். நம் குடியானவன் பழைய மரக்கலப்பையை வைத்துக்கொண்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நல்ல விவசாயத்தைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று நினைத்தார். 1865-ல் சைதாப்பேட்டையில் அரசாங்கமே ஒரு மாதிரிப் பண்ணை போட்டது. இங்கிலாந்திலிருந்து கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் எந்திரம், வைக்கோல் நறுக்கும் எந்திரம் என்று கப்பலில் வந்து இறங்கின. நீராவிக் கலப்பைகூட வந்தது. இன்றைக்குச் சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறுகிறவர்கள் ஒரு நிமிசம் நின்று நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்து மண்ணில் நீராவிக் கலப்பை!

காட்டினார்கள் சரி. பார்த்தவன் என்ன செய்வான்? அவனிடம் இருந்தது ரெண்டு மாடு, துண்டு துண்டாக நிலம், வட்டிக்கு வாங்கிய பணம். அந்தக் கலப்பையை இழுக்க அவன் மாட்டால் ஆகாது. உடைந்தால் ஊர்க் கொல்லன் பட்டறையில் சரி பண்ணவும் முடியாது. வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். ஆனாலும் அந்தப் பண்ணை வீண் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதை ஒட்டித்தான் விவசாயப் பள்ளி வந்தது. பிறகு 1906 வாக்கில் கோயம்புத்தூருக்கு மாறி, கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. குடியானவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த இடம் கடைசியில் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடமானது. அது வேறு விதமான லாபம்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் கண்காட்சி என்பது பெரிய திருவிழா. அங்கே ராயல் விவசாயச் சங்கம் என்று ஒன்று. 1839-ல் ஆக்ஸ்போர்டில் அவர்கள் தொடங்கிய ராயல் ஷோ 2009 வரைக்கும் நடந்தது. மாட்டுக்குப் பரிசு, எந்திரத்துக்குப் பரிசு, எல்லாம் உண்டு. அந்தச் சங்கத்தின் ரசாயன ஆலோசகர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்பவரை, இந்திய விவசாயத்தைத் திருத்த வழி சொல்லுங்கள் என்று 1889-ல் இங்கே அனுப்பினார்கள். மனுசன் ஒரு வருசத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். 1893-ல் வந்த அவர் அறிக்கையை, கண்காட்சி நடத்துகிற ஒவ்வொருவரும் ஒரு தரம் படிக்கலாம். இந்திய விவசாயி ஒன்றும் தெரியாதவன் என்ற பேச்சு தப்பு, சராசரி ஆங்கில விவசாயிக்கு அவன் குறைந்தவன் இல்லை, சில விசயத்தில் மேலானவன் என்று எழுதிவிட்டார். அவனுக்கு இல்லாதது தண்ணீரும் எருவும். சாணியை எரிக்காமல் வயலுக்குப் போட வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு விறகு கிடைக்க வழி செய்யுங்கள் என்றும் சொன்னார். கண்காட்சி நடத்தும் சங்கத்து ஆள், வயலுக்குள் இறங்கி நடந்ததும் இப்படிப் பேசினார். எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சீமன் நாப் என்று ஒரு பெரியவர். அரசாங்கம் தன் செலவில் மாதிரிப் பண்ணை போட்டுக் காட்டினால் விவசாயி நம்புவதில்லை என்று அனுபவத்தில் கண்டுகொண்டவர். 'அது கவர்மெண்டுப் பணம், நட்டமானா அவங்களுக்கென்ன' என்று விவசாயி நினைப்பான். அதனால் 1903-ல் டெக்சாஸ் மாகாணத்து டெரெல் என்ற ஊரில், அந்த ஊர் விவசாயி ஒருவர் நிலத்திலேயே, அவர் கையாலேயே புது முறையைச் செய்ய வைத்தார். நட்டம் வந்தால் ஈடு கட்ட ஊர் வியாபாரிகள் பணம் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பணத்தைத் தொட வேண்டியே வரவில்லை. வழக்கத்தைவிட 700 டாலர் போல அதிகம் கிடைத்ததாக அந்த விவசாயி கணக்குச் சொன்னார். பருத்தியைக் கூன்வண்டு அழித்துக்கொண்டிருந்த காலம். அந்த முறை தீயாகப் பரவியது.

டெக்சாஸ் கதை எதுக்கு என்று கேட்பீர்கள். நம் ஊர் வயல் வரப்பில் 'செயல்விளக்கத் திடல்' என்று பச்சை போர்டு நட்டு வைத்திருப்பார்களே, அந்த யோசனைக்கு வேர் அங்கே இருக்கிறது. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளைக் குழு ஒன்று இந்தியாவின் உணவுப் பஞ்சத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதன்மேல் 1960-61-ல் நாட்டில் ஏழு மாவட்டங்களில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கினார்கள். அதில் ஒன்று நம் தஞ்சாவூர். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒட்டுக்க விவசாயி கைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 1965-ல் ஆடுதுறை 27 வந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். திருச்சி வானொலியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

தஞ்சைப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரேடியோவைக் கேட்டவுடனே நட்டுட்டீங்களா என்று அவர் அப்பாவிடம் ஒரு தரம் கேட்டேன். சிரித்தார். "ரேடியோவுல கேட்டுட்டு, தெக்குத் தெருவுல ஒருத்தரு நட்டிருந்ததை அறுப்பு வரைக்கும் தினம் போய்ப் பாத்தேன் தம்பி. அவரு பத்தாயத்துல எத்தன மூட்டை விழுந்துச்சுன்னு எண்ணிட்டு, அடுத்த குறுவைக்கு நான் நட்டேன்." 

இனி என் கதை.

2003-ல் டெல்லித் திட்டக் கமிஷன் குழு ஒன்று, டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கை நாடு முழுக்க நடலாம் என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த சில வருசம் எங்கே பார்த்தாலும் காட்டாமணக்குப் பேச்சு. தண்ணி வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, வறண்ட காட்டிலும் வரும், நாற்பது வருசம் காய்க்கும். எங்கள் பக்கத்து டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கு வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்பது இப்போது வேண்டாம். ஏசி மண்டபம், திரையில் படம், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. ஏக்கருக்கு இத்தனை டன், கிலோ இத்தனை ரூபாய், நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

கிழக்குக் காடு எங்கள் அப்பாரு விட்டுப் போன கொறங்காடு. கொறங்காடு என்றால் உழாமல், மழையை நம்பி, மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுவில் அங்கங்கே வெள்வேல் மரம், கோடையில் புல் காய்ந்தாலும் அதன் காய் உதிர்ந்து ஆடு மாட்டைக் காப்பாற்றும். அந்தப் புல் ஒரு வருசத்தில் வந்ததில்லை. அப்பாரு விதை தூவி, மேய விட்டு, மாற்றிக் கட்டி, ரெண்டு தலைமுறையாகப் படிந்த மேய்ச்சல். காங்கயம் மாடு அழியாமல் இருந்ததற்குப் பட்டக்காரர் பாதிக் காரணம் என்றால் இந்தக் கொறங்காடு மீதிப் பாதி.

அதை ஜேசிபி விட்டு நான் கிளறினேன். பதினோரு வெள்வேல் மரம் போனது. மூவாயிரம் கன்று நட்டேன். மேய இடம் இல்லாமல் போனதால் நாலு மாட்டையும் விற்க வேண்டி வந்தது. எங்கய்யன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டை ஏற்ற வண்டி வந்தபோது மட்டும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அம்மா மூணு நாள் என்னிடம் பேசவில்லை.

மூணாம் வருசம் மூணு ஏக்கரிலும் சேர்த்துப் பறித்த காய் ரெண்டு சாக்கு. தண்ணி வேண்டாம் என்றது பாதி உண்மை. தண்ணி இல்லாமல் செடி சாகாது, ஆனால் காய்க்கவும் காய்க்காது. ஒப்பந்தத்தில் இருந்த போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். ஆடு மாடு கடிக்காது என்றது முழு உண்மை. காட்டில் ஒரு ஆடுகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்த மண்டபத்தில் அன்றைக்கு இருநூறு பேராவது இருந்திருப்போம். அதில் ஒருத்தர்கூட எழுந்து, "இதை நட்டுக் காய் பறிச்சு வித்த குடியானவன் ஒருத்தனைக் காட்டுங்க" என்று கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. கன்னபுரத்தில் ஒரு கிடாரிக் கன்று வாங்க நாலு கேள்வி கேட்கிற ஆள், ரெண்டு தலைமுறைப் புல்லை அழிக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏசியும் பாயசமும் அப்படிச் செய்துவிட்டது என்று சொல்லலாம். நிசத்தைச் சொன்னால், படித்தவர்கள் பேசுகிறார்களே, நாம் எழுந்து கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம்.

பிறகு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வந்தது. 2012-ல் அது மண்ணைக் கவ்வியது உங்களுக்கே பேப்பரில் படித்து ஞாபகம் இருக்கும். என் சொந்தக்காரர் இருவர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களும் மண்டபத்தில் சாப்பிட்டவர்கள்தான்.

இதைச் சொல்லிவிட்டு, கண்காட்சிக்கே போகாதீர்கள் என்று முடித்தால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்கு உருப்படியாகக் கிடைத்த ரெண்டு விசயமும் அங்கே கிடைத்தவைதான். ஒரு கருத்தரங்கில் மேடையில் பேசியது ஒன்றும் தலையில் ஏறவில்லை. மத்தியானப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் உடுமலைப் பக்கத்துத் தென்னைக்காரர். எங்கள் போர்த் தண்ணி உப்பு, சொட்டுநீர்க் குழாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது என்று புலம்பினேன். அவருக்கும் அதே கதை. ஆசிட் விட்டுக் கழுவ ஆரம்பித்து, அளவு தெரியாமல் விட்டு நூறு வாழை கருகிப்போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் அவர் தோட்டத்துக்குப் போனேன். எவ்வளவு விடுவது, எத்தனை நேரம் நிறுத்தி வைப்பது, எப்போது கடைசி முனையைத் திறந்து அலசுவது என்று செய்து காட்டினார். தென்னை மட்டையைக் குழி வெட்டிப் புதைத்து ஈரம் காப்பதையும் அங்கேதான் பார்த்தேன். அவர் நட்டத்தை மறைக்கவில்லை, அதனால் லாபத்தையும் நம்ப முடிந்தது.

இன்னொன்று என் வீட்டுக்காரிக்குக் கிடைத்தது. ஒரு கண்காட்சிக்குப் பிடிவாதமாகக் கூட வந்தாள். கைக்களைக் கருவிக் கடையில் ஆம்பளைகள் கும்பலாக நின்று கருவியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் களை எடுப்பது பூராவும் பொம்பளைகள். இவள் உள்ளே புகுந்து, வாங்கித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிடி எங்க உசரத்துக்கு எட்டலைங்க, அரை நாள் தள்ளுனா தோள் போயிரும்" என்றாள். கடைக்காரர் நல்ல மனுசன். பிடியை ஏற்றி இறக்கும்படி செய்து ரெண்டு மாசத்தில் ஒன்று அனுப்பினார். கண்காட்சிக்குப் போகும் ஆம்பளைகள் பால் கறக்க ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டு வீட்டுப் பொம்பளையையும் கூட்டிப் போங்கள். பாதிப் பொய் அங்கேயே வெளுத்துவிடும்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு ஒரு தரம் போனேன். 2018-ல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயும் மேடை உண்டு, பேச்சும் உண்டு, கொஞ்சம் நீளமாகவே உண்டு. ஆனால் திரும்பும்போது கையில் ரெண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார்கள். அடுத்த வருசம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. 174 ரகம் வரைக்கும் அப்படி மீட்டதாகச் சொல்வார்கள். வாங்கியவன் நட்டே ஆக வேண்டும். நட்டவன் அடுத்த வருசம் அதே பந்தலுக்கு வந்து, வந்ததா போனதா என்று நாலு பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். எங்கள் மேட்டுக்காட்டில் நெல் ஏது, நான் விதை வாங்கவில்லை. அந்த ஏற்பாட்டை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "போலாம், ஆனா சித்திரைக்கு நீ என்கூட கன்னபுரம் வரோணும்" என்றேன். "அங்க பார்க்கிங் இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டான். இருக்குது, மாட்டுக்கு என்றேன்.

கண்காட்சிக்குப் போனோம். டிராக்டர், ட்ரோன், பசுமைக்குடில் எல்லாம் பார்த்தோம். ட்ரோன் பறந்ததை நானும்தான் வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரு மரப்பயிர்க் கடையில் பையன் நின்றுவிட்டான். பத்து வருசத்தில் ஏக்கருக்கு ஒரு கோடி, நாங்களே வெட்டி எடுத்துக்கொள்வோம். பேனா அவன் கைக்கு வந்துவிட்டது. கழுத்தில் டை கட்டியிருந்த தம்பியிடம் நான் கேட்டேன்: "சாமி, இதை நட்டு, வெட்டி, வித்துக் காசு வாங்குன ஒருத்தர் ஊர் பேர் மட்டும் சொல்லுங்க. நாளைக்கே போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடறோம்."

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்.

மூணு வாரம் ஆச்சு. இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை சனிக்கிழமை வந்து மூலனூர்க் காட்டில் சோளம் விதைத்துவிட்டுப் போனான். என் கிழக்குக் காட்டில் காட்டாமணக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஏழு வருசமாக ஐப்பசி மழைக்குச் சோளத்தோடு கலந்து கொழுக்கட்டைப் புல் விதை தூவி வருகிறேன். பாதிக் காடு மூடியிருக்கிறது. அதிலிருந்து உருவிய விதை ஒரு படி கொடுத்தனுப்பினேன். திரும்ப ரெண்டு படி தரோணும் என்று சொல்லியிருக்கிறேன்.